பிள்ளையைக் கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போவதற்கு முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. மகளுக்குப் பதினொரு வயது. சில மாதங்களாகக் காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள், பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள், ராத்திரி தனியாகப் படுப்பதில்லை. குழந்தை மருத்துவர் பரிசோதித்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். வகுப்பாசிரியர் கவுன்சிலிங் அழைத்துப் போகச் சொல்கிறார், கணவரோ "இதுக்கெல்லாமா?" என்கிறார். உள்ளே என்ன நடக்கும், அவள் பேசுவதை எங்களிடம் சொல்வார்களா, எத்தனை நாள் ஆகும், மாத்திரை கொடுத்துவிடுவார்களா என்பவை அவருடைய கேள்விகள்.

பிள்ளைகளோடும் பெற்றோரோடும் இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணவரின் கேள்வியிலிருந்து தொடங்கலாம், அது தீராமல் மற்ற எதுவும் நகராது. "இதுக்கெல்லாமா" என்று கேட்கும் அப்பாக்களில் பலருக்கு உள்ளே இருப்பது பயம்தான். பிள்ளைக்கு ஒரு முத்திரை விழுந்துவிடுமோ, வளர்ப்பு சரியில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அவரிடம் வாதாட வேண்டாம், இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லுங்கள். பத்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதாவது ஒரு வகுப்பறையில் நாலைந்து பிள்ளைகள். இன்னொன்று, மனநலச் சிக்கல் உள்ள பெரியவர்களை எடுத்துக்கொண்டு எப்போது தொடங்கியது என்று பின்னோக்கிப் பார்த்த ஆய்வில், பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளேயே ஆரம்பித்திருந்தது. உங்கள் மகளுக்குப் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் சின்ன முயற்சியிலேயே முடியும், அதுதான் அர்த்தம்.

எப்போது போக வேண்டும் என்பதற்கு நான் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். எவ்வளவு நாளாக இருக்கிறது, வாழ்க்கையில் எத்தனை இடத்தில் இடிக்கிறது, அதற்காக வீடு எவ்வளவு வளைந்திருக்கிறது. மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அம்மா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டிருப்பார், அப்பா வேறு அறைக்குப் போயிருப்பார், தம்பிக்கு "அக்கா முன்னால அதைப் பேசாதே" என்று சொல்லி வைத்திருப்பார்கள், விருந்தினர் வருவது நின்றிருக்கும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விட்டுக்கொடுத்தல், சேர்த்துப் பார்த்தால் ஒரு பயம் வீட்டை நடத்திக்கொண்டிருக்கும். உங்கள் கேள்வியிலேயே அது தெரிகிறது, அதனால் ஆசிரியர் சொன்னது சரிதான், போங்கள். உடம்பைப் பரிசோதித்துவிட்டு வந்திருப்பதும் நல்லது. தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் குறைவு, சரியாகக் காது கேட்காதது, கண் பார்வைக் குறை எல்லாமே மனப்பிரச்சினை மாதிரி வேடம் போடும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அவள் வயிற்றுவலி நடிப்பு இல்லை. பதற்றத்தில் குடல் உண்மையாகவே இறுகும். "உடம்புல ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு, சும்மா சொல்றே" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் அவள் உங்களிடம் எதையும் சொல்வதைக் குறைத்துக்கொள்வாள்.

சரி, உள்ளே என்ன நடக்கும்?

முதல் சந்திப்பில் பெரும்பாலும் உங்களிடம்தான் நிறையப் பேசுவார்கள். பிறந்ததிலிருந்து வளர்ந்த விதம், தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், வீட்டில் யார் யார், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, எப்போது அதிகமாகிறது, எப்போது குறைகிறது. சில கேள்விகள் உங்கள் கல்யாண வாழ்க்கையைப் பற்றியும் இருக்கும், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை, மறைத்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். இதையெல்லாம் மகளை உட்கார வைத்துக்கொண்டே பேசாதீர்கள். "இவ எப்பவுமே இப்படித்தான்" என்று ஒரு அந்நியர் முன்னால் பட்டியல் போட்டால் அடுத்த அரை மணி நேரம் அவள் தரையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். பெற்றோருக்குத் தனி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பிள்ளையோடு நடப்பது வயதைப் பொறுத்தது. சின்னக் குழந்தைகள் நாற்காலியில் உட்கார்ந்து தங்கள் மனக்குறையைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு விளையாட்டுதான் பேச்சு. பொம்மை வீடு, களிமண், மணல் தட்டு, வண்ணப் பென்சில். ஒரு பையன் பொம்மை வீட்டில் எல்லோரையும் கூடத்தில் வைத்துவிட்டு ஒரு குட்டி பொம்மையை மட்டும் மாடியில் தனியாக வைத்து, "இவன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கான்" என்று சொல்வான். ராத்திரி நடக்கும் சண்டை அவன் காதில் விழுகிறது என்று அங்கே யாரும் எழுதி வைத்துவிடுவதில்லை, ஆனால் கவனிப்பவர் அதைக் குறித்துக்கொள்வார், அடுத்த வாரம் அந்தக் குட்டி பொம்மை எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கு மட்டும் "ஒரு மணி நேரம் விளையாடிட்டு வந்தான், இதுக்கா அழைச்சிட்டு வந்தோம்" என்று தோன்றும். குழந்தையோடு விளையாடிக்கொண்டே சிகிச்சை தருவதை வர்ஜீனியா ஆக்ஸ்லின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940களிலேயே ஒழுங்கான முறையாக வகுத்துவிட்டார்.

பதினொரு வயது என்றால் பேச்சும் இருக்கும், காகிதமும் பென்சிலும் இருக்கும். உங்கள் மகள் மாதிரி பதற்றத்துக்கு உலகம் முழுக்க அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சிபிடி என்பார்கள். அதன் உள் வேலை புரிந்தால் உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

பயந்த இடத்துக்குப் போகாமல் இருந்தால் உடனே நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் சிக்கல். "போகாம இருந்ததாலதான் தப்பிச்சேன்" என்று மனசு கற்றுக்கொள்கிறது, மறுநாள் பயம் ஒரு படி ஏறி நிற்கிறது. ஒரு நாள் பள்ளிக்கு விடுமுறை போட்டால் அன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு வயிற்றுவலி மாயமாகிறது, அடுத்த நாள் ஏழு மணிக்கே வந்துவிடுகிறது. இதை உடைப்பதற்கு ஒரே வழி, தாங்கிக்கொள்ளக் கூடிய அளவில் பயத்தின் பக்கத்தில் போய், அது தானாகக் குறையும் வரை அங்கேயே இருந்து பார்ப்பது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற கிட்டத்தட்ட மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி எழுதினார். குழந்தை பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருக்கும் முயலை அறையின் தூரத்தில் வைத்தார், நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார், பயப்படாத வேறு குழந்தைகள் முயலோடு விளையாடுவதைப் பார்க்க வைத்தார். கடைசியில் பீட்டர் தன் விரலை முயல் கடித்து விளையாட விட்டான். நூறு வருடம் ஆகிவிட்டது, அடிப்படை இன்னமும் அதேதான்.

உங்கள் மகளுக்கு இது ஒரு ஏணி மாதிரி காகிதத்தில் வரும். அவளே எழுதுவாள், அவளே மதிப்பெண் போடுவாள், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. அம்மா அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்க நான் தூங்குவது மூன்று. அம்மா கூடத்தில் இருக்க நான் என் அறையில் இருப்பது ஐந்து. விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பது எட்டு. மூன்றில்தான் தொடங்குவார்கள், எட்டில் இல்லை. அந்த மூன்று அலுத்துப்போகும் வரை செய்துவிட்டுத்தான் அடுத்த படி. யாரும் அவளைத் தூக்கி பயத்தின் நடுவில் போட மாட்டார்கள், போட்டால் அது சிகிச்சையும் இல்லை.

இப்போது பெற்றோர் செய்ய வேண்டியது. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் கவுன்சிலரிடம் அவள் இருப்பது ஒரு மணி நேரம், சரியாகச் சொன்னால் 45, 50 நிமிடம். ஏணியின் படிகள் எல்லாம் உங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. பழுது பார்க்க விட்டுவிட்டு சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளும் வண்டி மாதிரி பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் பெற்றோருக்கு, ஆறு மாதம் கழித்தும் "ஒண்ணும் மாறலையே" என்ற ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது. நான் இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவரின் குழு 7 முதல் 14 வயது வரையிலான பதற்றம் உள்ள 124 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நேரடியாக சிபிடி கொடுத்தது, இன்னொரு பாதியில் பெற்றோரை மட்டுமே பன்னிரண்டு வாரம் சந்தித்தது. 2020இல் வெளிவந்த முடிவில், கவுன்சிலரையே பார்க்காத அந்தப் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணம் தெரிந்தது. பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டுதான். பயத்துக்காக வீடு செய்யும் விட்டுக்கொடுத்தல்களை ஒவ்வொன்றாகக் குறைப்பது, குறைக்கும்போது கோபமில்லாமல் "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, உன்னால தாங்க முடியும்னும் தெரியும்" என்று நிற்பது. முதல் பாதியை மட்டும் சொன்னால் அவள் இன்னும் ஒட்டிக்கொள்வாள், இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று நினைப்பாள். இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

அடம், அடி, கத்தல் என்று வரும் சின்னக் குழந்தைகளுக்கும் இதே கதைதான், அங்கே சிகிச்சையே பெற்றோர் வழியாகத்தான் நடக்கிறது. ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய ஒரு முறையில், அம்மாவோ அப்பாவோ காதில் சின்னக் கருவி மாட்டிக்கொண்டு குழந்தையோடு விளையாடுவார்கள், ஒருபக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சிகிச்சையாளர் "இப்ப பாராட்டுங்க", "இதைக் கண்டுக்காதீங்க" என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். உங்கள் பிள்ளை நான்கு வயதுக்காரன், கவுன்சிலரோ உங்களை உள்ளே விடாமல் மாதக்கணக்கில் அவனை மட்டும் பார்க்கிறார் என்றால், ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்தது, பெற்றோருக்கு மிகவும் கடினமான விஷயம். அவள் பேசுவது உங்களுக்குத் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது, தெரியவும் கூடாது. அவள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் அன்று இரவே வீட்டுக்கு வந்துவிடும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றிவிட்டால், அப்புறம் உள்ளே நடப்பது மரியாதையான பேச்சு மட்டுமே. ஆனால் எல்லை உண்டு. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம், மற்றவருக்கு ஆபத்து, யாராவது அவளைத் துன்புறுத்துவது, இந்த மூன்றும் வந்தால் கவுன்சிலர் மௌனமாக இருக்க மாட்டார், இருக்கவும் முடியாது. நல்ல கவுன்சிலர் இதை முதல் நாளே உங்களையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிவிடுவார், எது உள்ளே நிற்கும், எது வெளியே வரும் என்று. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள், மகள் காது கேட்கவே கேளுங்கள். இதைத் தவிர, முன்னேற்றம் எப்படி, என்ன இலக்கு, வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டியவை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பெற்றோர் சந்திப்பு இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். சட்டப்படி சிறுவயதினரின் பதிவுகளைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் சட்டம் அனுமதித்தாலும் அவள் கோப்பைப் பிரித்துப் படிப்பது நல்லதல்ல.

வெளியே வந்ததும் என்ன கேட்பது? வண்டியில் ஏறியவுடன் "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே, எங்களைப் பத்தி ஏதாவது சொன்னியா" என்று தொடங்கும் பெற்றோர் நிறைய. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்து தவித்திருக்கிறார்கள். இருந்தாலும் கேட்காதீர்கள். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி, "பரவாயில்ல" என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிட்டு வேறு ஏதாவது பேசுங்கள், அல்லது பேசாமலே வாருங்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள், அறிவுரை சேர்க்காதீர்கள். அப்புறம், சண்டை வரும்போது "இதைத்தான் கவுன்சிலிங்ல கத்துக்கிட்டியா?" என்ற வாக்கியத்தை எந்த நிலையிலும் சொல்லிவிடாதீர்கள். கவுன்சிலரை வைத்து மிரட்டுவதும் அப்படித்தான், "இரு, அவங்ககிட்ட சொல்றேன்" என்றால் அவர் போலீஸ்காரர் ஆகிவிடுவார்.

போவதற்கு முன் அவளிடம் எப்படிச் சொல்வது என்று பலர் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். "சும்மா ஒரு ஆன்ட்டியைப் பார்த்துட்டு வரலாம்" என்று போய் இறங்கினால் முதல் ஐந்து நிமிடத்திலேயே அவளுக்குப் புரிந்துவிடும், அப்புறம் அந்த அறையில் உள்ளவரையும் நம்ப மாட்டாள். இரண்டு நாள் முன்னால், சண்டை இல்லாத ஒரு நேரத்தில், நேராகச் சொல்லுங்கள்: "காலையில உனக்கு வயிறு வலிக்குது, ராத்திரி பயமா இருக்கு, நானும் அப்பாவும் எப்படி உதவணும்னு எங்களுக்கே தெரியல. இது தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்க, நாம மூணு பேரும் போய்க் கேக்கலாம். அங்க ஊசி கிடையாது, பரீட்சை கிடையாது. பேசப் பிடிக்கலன்னா படம் வரையலாம்." நாம மூணு பேரும் என்பதுதான் இதில் முக்கியம், அவளைச் சரிசெய்யப் போகிறோம் என்ற தொனி வந்துவிடக் கூடாது. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. வீட்டில் அதைச் செயல்படுத்துவது எளிது, சனிக்கிழமையா புதன்கிழமையா, ஆண் கவுன்சிலரா பெண்ணா என்று அவளையே கேளுங்கள்.

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை "நான் வரவே மாட்டேன்" என்று சொன்னால் இழுத்துக்கொண்டு போவதில் பயனில்லை. மூன்று தடவை வந்து பாரு, பிடிக்கலன்னா ஆளை மாத்திக்கலாம் என்று பேரம் பேசலாம். அதற்கும் மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். மேலே சொன்ன யேல் ஆய்வு அந்த வழியும் பயன் தரும் என்பதற்குச் சாட்சி, தவிர அம்மாவும் அப்பாவும் வாராவாரம் போய்வருவதைப் பார்த்த பிள்ளை சில மாதத்தில் தானே கேட்டுக்கொண்டு வருவதும் உண்டு.

யாரிடம் போவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் சோதனைகள் செய்வார், சிகிச்சை தருவார், பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுத மாட்டார். கவுன்சிலர் என்ற பெயரில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் இரண்டு வருட முதுகலைப் படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் முடித்தவரும், வார இறுதி வகுப்பு முடித்தவரும் அதே பலகையைத்தான் மாட்டியிருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், இந்த வயதுப் பிள்ளைகளோடு எவ்வளவு காலம் வேலை செய்திருக்கிறீர்கள், இந்தப் பிரச்சினைக்கு எந்த முறையைப் பயன்படுத்துவீர்கள், பலன் தெரிகிறதா என்று எப்படி அளப்பீர்கள் என்று போனிலேயே கேளுங்கள். நன்றாகத் தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், சொல்லப்போனால் சந்தோஷப்படுவார். ஒரே சந்திப்பில் நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறவர், இத்தனை நாளில் முழுசாகக் குணம் என்று உறுதி கொடுப்பவர், கைரேகையையும் மூளை வரைபடத்தையும் வைத்துப் பிள்ளையின் குணத்தைச் சொல்கிறேன் என்பவர், இங்கே நடப்பதை அம்மாவிடம் சொல்லாதே என்று பிள்ளையிடம் சொல்பவர் ஆகியோரிடமிருந்து விலகி விடுங்கள். கடைசி ஆள் விஷயத்தில் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். பேச்சு அவளுடையது, யாரிடம் வேண்டுமானாலும் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. கவுன்சிலருக்கு வாய்ப்பூட்டு, பிள்ளைக்கு இல்லை.

எத்தனை நாள் ஆகும்? பதற்றத்துக்கான சிபிடி பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினாறு சந்திப்புகளில் அமைக்கப்படுகிறது, வாரம் ஒன்று என்றால் மூன்று நான்கு மாதம். துக்கம், குடும்பப் பிரிவு, துன்புறுத்தலுக்கு ஆளானது போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, கூடுதலாகவே ஆகலாம். ஒன்றை எதிர்பார்த்து இருங்கள், விட்டுக்கொடுத்தல்களை நீங்கள் குறைக்கத் தொடங்கியதும் முதல் இரண்டு மூன்று வாரம் நிலைமை மோசமாகலாம். இதுவரை வேலை செய்த அழுகை வேலை செய்யவில்லை என்றால் எந்தப் பிள்ளையும் முதலில் அதைச் சத்தமாகத்தான் முயன்று பார்க்கும். பலரும் இந்த வாரத்தில்தான் "இதனால அதிகமாயிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் பிள்ளைக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்துவிடுகிறது, இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டால் போதும் என்று. நிறுத்துவதற்கு முன் கவுன்சிலரிடம் பேசுங்கள். ஆனால் எட்டுப் பத்து சந்திப்புக்குப் பிறகும் எதுவுமே அசையவில்லை என்றால் முறையையோ ஆளையோ மாற்ற வேண்டுமா என்று வெளிப்படையாகக் கேட்பது தவறே இல்லை.

மாத்திரை. கவுன்சிலிங் போனாலே மாத்திரை என்று இல்லை. உங்கள் மகள் அளவிலான பதற்றத்துக்குப் பேச்சு முறையைத்தான் முதலில் முயல்வார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் சொல்வார், அப்போதும் பயந்து ஓட வேண்டாம். 2008இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 7 முதல் 17 வயது வரையிலான பதற்றம் உள்ள 488 பிள்ளைகள் பங்கெடுத்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் நன்றாகத் தேறியவர்கள் சிபிடி மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம், செர்ட்ராலின் என்ற மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55, இரண்டும் பெற்றவர்களில் 81, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24. அதாவது பேச்சு முறை தனியாகவே பெரும்பாலோருக்கு உதவுகிறது, கடுமையாக இருப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்தால் வாய்ப்பு கூடுகிறது. இன்னொரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும், இந்த வகை மாத்திரைகளுக்கு 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கடுமையான எச்சரிக்கை போட்டது. சிறுவயதினரிடம் நடந்த சோதனைகளில் தற்கொலை எண்ணமோ முயற்சியோ மாத்திரை எடுத்தவர்களில் 4 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதமும் இருந்தது, அந்தச் சோதனைகளில் உயிரிழப்பு எதுவும் இல்லை. அதனால்தான் தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் மருத்துவர் அடிக்கடி வரச் சொல்வார். அந்தச் சந்திப்புகளைத் தவற விடாதீர்கள், "இப்ப நல்லா இருக்கா" என்று நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. உங்கள் மகளுக்கு இது பொருந்தாமல் இருக்கலாம், படிக்கும் வேறு பெற்றோருக்காக எழுதுகிறேன். பிள்ளை "நான் இல்லாம இருந்தா நல்லாயிருக்கும்" என்கிற மாதிரி பேசினாலோ, பிடித்த பொருள்களை எல்லாம் மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாலோ, கையில் கீறல்கள் தெரிந்தாலோ, நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறோம். 2005இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை, ஏற்கெனவே சிரமத்தில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் இறங்கவே செய்தது. ஆம் என்ற பதில் வந்தால் திட்டாதீர்கள், அழுது காட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து, கூர்மையான பொருள்களை எடுத்துப் பூட்டிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கோ அவசர உதவி எண்ணுக்கோ போங்கள். அடுத்த வாரக் கவுன்சிலிங் தேதிக்குக் காத்திருக்கும் விஷயம் இல்லை இது.

பள்ளிக்கு எவ்வளவு சொல்வது? தேவையான அளவு மட்டும். "சிகிச்சை நடக்கிறது, காலையில் ஐந்து நிமிடம் தாமதமாக வகுப்புக்கு வந்தால் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், வயிறு வலிக்கிறது என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் பத்து நிமிடம் ஓய்வறையில் உட்கார வைத்துவிட்டுத் திரும்ப வகுப்புக்கு அனுப்புங்கள்" என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டால் போதும், ஏணியின் ஒரு படி பள்ளியிலேயே அமைந்துவிடும். என்ன நோய், அங்கே என்ன பேசினாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை. சொல்வதற்கு முன் மகளிடம் கேட்டுவிடுங்கள்.

கணவன் மனைவி பிரிந்து வாழ்கிறவர்களுக்கும் ஒரு வரி. கவுன்சிலரை நீதிமன்றத்தில் உங்கள் பக்கச் சாட்சியாக ஆக்கப் பார்க்காதீர்கள். பிள்ளைக்கு அது தெரியவந்த நாளோடு அந்த அறை முடிந்தது.

கடைசியாக, எப்போது நிறுத்துவது. திடீரென்று நிறுத்தாமல் வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டு வருவார்கள், பிள்ளையிடமும் முன்னாலேயே சொல்லி விடைபெற வைப்பார்கள். பயம் முழுசாகப் போன பிறகுதான் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால் யாருக்குமே முடியாது. பயம் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கும் உங்களுக்கும் தெரிந்திருந்தால் முடித்துக்கொள்ளலாம். பள்ளி மாறும்போது, வீடு மாறும்போது, நீண்ட விடுமுறை முடிந்து திரும்பும்போது பழைய வயிற்றுவலி ஒன்றிரண்டு நாள் எட்டிப் பார்க்கும். அப்போது பழைய ஏணியை எடுத்து கீழ்ப்படியிலிருந்து ஒரு வாரம் செய்து பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் அதே கவுன்சிலரிடம் இரண்டு மூன்று சந்திப்புக்கு மறுபடி போகலாம், முதல் தடவை ஆன அளவு நாள் இந்தத் தடவை ஆகாது.